மேல் பாலத்து மணி

“காலைப் பிடிங்க! அந்தக் காலை விட்டுறாதீங்க, பளிங்கு உடைஞ்சா சிங்கப்பூர் போனாத்தான் கிடைக்கும்!”

கத்தியவர் நஜ்முதீன். பளிங்கு மேசையின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை தம்பிராஜா கையில். நஜ்முதீன் பின்புறமாக நடந்து மேட்டில் ஏறினார். தம்பிராஜா கீழே நின்று தள்ளினார். பளிங்கின் எடை முழுவதும் கீழே நிற்பவர் மேல்தான் இறங்கும் என்பது பாதி மேட்டுக்கு வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. முன்னால் அரிசி மூட்டையும் மாவு மூட்டையும் இரண்டு கூலிகளின் முதுகில் போய்க்கொண்டிருந்தன. அதற்கும் முன்னால் நஜ்முதீனின் மனைவி காதர் பீவி, முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையில் நெய் டின்னும் மறு கையில் உயிருள்ள சேவலுமாக ஏறினாள்.

கீழே, சிகாமட் ஆற்றங்கரையில், காலியாகிப்போன அவர்களுடைய சாப்பாட்டுக் கடைக்குள் ஒரு மின்சார மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

வானத்தில் மேகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

“தந்தி ஐயா,” என்றார் நஜ்முதீன், மூச்சு வாங்க. “ஆறு வருதுங்கறீங்க.”

“வரும்.”

“எங்க? காணோம்லா.”

“மேல ஏறியிருக்கும், நானா. இஞ்ச வர நேரம் எடுக்கும். மணி அடிக்குதெல்லோ?” நஜ்முதீனை அவர் அண்ணன் என்ற பொருளில் நானா என்றுதான் கூப்பிடுவார்.

“மணி போன மாசமும்தான் அடிச்சுச்சு.”

தம்பிராஜா தோளைக் கொடுத்துத் தள்ளினார். மேசை கனத்தது.

சாயங்காலம் வரை ஆறு வரவில்லை. ரயில் நிலையத்துச் சரக்குக் கொட்டகையின் ஓரத்தில் சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்து எல்லோரும் ஆற்றைப் பார்த்தார்கள். ஆறு முழங்கால் அளவு தண்ணீரோடு, எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டு, அதன் போக்கில் போயிற்று. பக்கத்துக் கடைச் சீனர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேட்டைப் பார்த்துக் கையசைத்தார். அவர் ஒரு தகர டப்பாவைக்கூட நகர்த்தியிருக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் எல்லாம் மறுபடி கீழே இறங்கியது. பளிங்கு மேசைக்கு இந்தத் தடவை தம்பிராஜா மேல்பக்கம் பிடித்தார். இறங்கும்போது எடை அவர் பக்கமே வரவில்லை. நஜ்முதீன் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

“இது ரெண்டாவது தடவை,” என்றாள் காதர் பீவி. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. மாவு மூட்டையிடம் சொன்னாள். “மூணாவது தடவையும் இப்படி அடிச்சா அந்தக் கம்பியை அறுத்து ஆத்துல போடுங்க, மச்சான். கடையை வித்துட்டு மூவாருக்குப் போயிரலாம். எங்க காக்கா கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கு.”

காக்கா என்றது அவளுடைய அண்ணன் லியாக்கத் அலியை. மூவார் கடற்கரையில் அவருக்குத் துணிக்கடை. அங்கே வெள்ளம் வராது. இங்கே சில வருஷங்களுக்கு முன் வந்த பெரிய வெள்ளத்தில் காதர் பீவி கடைக்கூரையின் மேல் ஒரு பகலும் ஓர் இரவும் உட்கார்ந்திருந்தாள். கீழே அரிசி, மாவு, சாமான், அடுப்பு எல்லாம் போயிற்று. திரும்பக் கட்டியெழுப்பியது அவளும் நஜ்முதீனும்தான். இன்னொரு முறை அதைச் செய்ய அவளுக்கு மனம் இல்லை. ஆறு வருவதற்கு முன்னால் சொல்ல ஆள் இருந்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் போகலாம் என்பது அவள் கணக்கு.

சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டவர் தம்பிராஜா.

*

ரயில்வேயில் தம்பிராஜாவுக்குத் தந்திக் கம்பி இன்ஸ்பெக்டர் உத்தியோகம். சாவகச்சேரிப் பக்கத்து ஆள். மீசை சரியாக முளைக்காத வயதில் கப்பலேறி வந்து, தந்தி அடிக்கப் படித்து, பிறகு தந்தி அடிப்பதைவிடத் தந்தி ஏன் போய்ச் சேருகிறது, ஏன் சில நாள் போய்ச் சேருவதில்லை என்று யோசிப்பதில் அதிக ருசி கண்டு, கம்பி பார்க்கும் வேலைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டவர். தண்டவாளத்து ஓரமாகத் தள்ளுவண்டியில் போவார். நடுநடுவே இறங்கித் தந்திக் கம்பத்தில் காதை வைத்துக் கேட்பார். கம்பத்தோடு பேசுகிறார் என்று தோட்டத்துப் பிள்ளைகள் சிரிக்கும். அவர் பேசுவதில்லை, கேட்கத்தான் கேட்பார். காற்றின் ரீங்காரம் ஒன்று, மழை வரப்போகும்போது வேறொன்று, எங்கோ கொடி ஏறிக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் இன்னொன்று என்பார்.

வீட்டில் வயர்லெஸ் ஒன்று செய்து வைத்திருந்தார். ஒரு துண்டு காரீயக் கல், சுருட்டிய செம்புக் கம்பி, தந்தி ஆபீசில் கழித்துப்போட்ட ஒரு காதுக் குழாய். கல்லின் மேல் குத்தி நிறுத்த ஊசி வேண்டியிருந்தது. மனைவி கனகம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டார். சிங்கப்பூருக்கு வரும் கப்பல்கள் ஒன்றுக்கொன்று அடித்துக்கொள்ளும் தந்தி அதில் கேட்கும். முக்கால்வாசி இரைச்சல், கால்வாசி கப்பல்.

“உதுக்குள்ள ஊர்ப் புதினம் ஏதும் கேக்குதோ?” என்பாள் கனகம்மா.

“ஒரு கப்பல்ல கோழி முட்டை அழுகிப்போச்சாம்.”

“அதுக்கோ என்ர ஊசியை எடுத்தனீங்கள்?”

இந்தக் கதைகளைக் காது கொடுத்துக் கேட்க சிகாமட்டில் ஓர் ஆள்தான் இருந்தார். அது நஜ்முதீன். மத்தியான டீயை ஆற்றிக்கொண்டே, வாடிக்கைக்காரர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, காற்றில் எப்படித் தந்தி போகும், சுவர் மறைக்காதா, மழையில் நனையாதா என்று கேட்பார். கேள்விகளில் பாதிக்குத் தம்பிராஜாவிடம் பதில் இருக்காது. யோசித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். மறுநாள் பதிலோடு வருவார். அந்தக் கடை மூவாருக்குப் போய்விட்டால் தம்பிராஜா தன் கல்லையும் ஊசியையும் வைத்துக்கொண்டு கனகம்மாவிடம்தான் பேச வேண்டும்.

அப்படிப்பட்ட ஒரு மத்தியானத்தில்தான் நஜ்முதீன் கேட்டார்: “இத்தனை கம்பி வச்சிருக்கீங்களே ஐயா, ஆறு ஏறுதுன்னு ஒரு கம்பி சொல்லாதா?”

தம்பிராஜா வீட்டுக்குப் போய் யோசித்தார். இந்தப் பதிலுக்கு ஒருநாள் போதவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று.

*

கருவி கேட்க எளிமையானது. ஊருக்கு மேலே, சில மைல் தள்ளி, ரயில் ஆற்றைத் தாண்டும் இடத்துக்கு மேல் பாலம் என்று பெயர். மலையில் மழை பெய்தால் தண்ணீர் முதலில் அங்கே ஏறும். சில மணி நேரம் கழித்துத்தான் சிகாமட்டுக்கு வரும். அந்தப் பாலத்தின் தூணில் ஒரு மிதவை. மிதவை ஏறினால் சங்கிலி ஒரு சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் ஒரு கம்பிச் சுருளின் மேல் பித்தளை நாக்கு ஒன்றை நகர்த்தும். நாக்கு நகர நகர மின்சாரம் ஓட வேண்டிய சுருள் குறையும், அதைத் தடுக்கும் முட்டுப்பாடு குறையும், மின்சாரம் கூடும். ரயில் நிலையத்தில் ஒரு முள் அதைக் காட்டும். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் நஜ்முதீன் கடையில் மணி அடிக்கும்.

ஆறு இந்த எளிமைக்கு ஒத்துழைக்கவில்லை. முதல் மிதவை ஒரு மண்ணெண்ணெய் டின். ஆற்று அலையில் அது துள்ளியது, முள்ளும் துள்ளியது. சரக்கு ரயில் பாலத்தில் ஏறினால் தூண் அதிர்ந்து முள் கோட்டைத் தாண்டிக் குதித்தது. ஒரு வெயில் நாளில் முள் கீழே விழுந்து எழுந்திருக்கவே இல்லை. போய்ப் பார்த்தபோது டின்னின் மேல் ஓர் உடும்பு படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

தம்பிராஜா அதை விரட்டிவிட்டு உட்கார்ந்து யோசித்தார். காதுக் குழாயில் கப்பலைக் கேட்கும்போதும் இதே தொல்லைதான். வேண்டியது மெதுவாக வருகிறது, வேண்டாதது படபடக்கிறது. படபடப்பை வாசலிலேயே நிறுத்த வேண்டும். ஓர் இரும்புக் குழாயைத் தூணோடு சேர்த்து நிறுத்தி, அடியில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரே ஒரு துளை போட்டு, மிதவையைச் சிறிதாக்கி அதற்குள் விட்டார். வெளியே ஆறு எவ்வளவு துள்ளினாலும் துளை வழியாகத் தண்ணீர் மெதுவாகத்தான் உள்ளே ஏற முடியும். முள் அடங்கியது. உடும்புக்கும் இடமில்லை.

ரயில்வேயின் வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருமுறை வந்து பார்த்தார். பழைய கம்பியை எடுத்துக்கொள்ளலாம், வேலை நேரத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். தம்பிராஜாவுக்கு அது போதும். மணியைக் கடையில் மாட்டிய அன்று நஜ்முதீன் சர்க்கரை வழங்கினார்.

அந்த மணிதான் இரண்டு தடவை பொய் சொல்லிவிட்டது.

*

இரண்டாவது பொய்க்கு மறுநாள் தம்பிராஜா மேல் பாலத்துக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்த்தார். தண்ணீர் அபாய உயரத்துக்கு எவ்வளவோ கீழே கிடந்தது. மிதவை சரி. சங்கிலி சரி. சுருளில் நாக்கு சரியான இடத்தில் நின்றது. நிலையத்தில் பாட்டரி சரி, முள் சரி. ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. எல்லாம் சேர்ந்து தப்பாக இருந்தது. ஏதாவது ஒன்று உடைந்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மிச்சம் இருந்தது சிவப்புக் கோடு ஒன்றுதான். அதைப் போட்டது தம்பிராஜாவும் அவருடைய கம்பியாள் சின்னத்தம்பியும்.

சின்னத்தம்பி தோட்டத்தில் பிறந்த ஆள். தம்பிராஜாவைவிட இரண்டொரு வயது பெரியவர். கம்பத்தில் ஏறினால் மேலேயே வெற்றிலை போட்டு முடித்துவிட்டுத்தான் இறங்குவார். கோடு போட்ட அன்று மேல் பாலத்தில் இருந்தது அவர். கையில் ஒரு மரப்பெட்டி. அதில் வரிசையாகப் பித்தளை முளைகள். ஒரு முளையைப் பிடுங்கினால் அதற்குரிய முட்டுப்பாடு கம்பியில் சேரும். அந்த முட்டுப்பாட்டை அளக்கும் அலகுக்கு ஓம் என்று பெயர். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்று முளைகளின் மதிப்பு வரிசையில் கூடிக்கொண்டே போகும். ஆறு அபாய உயரத்தில் இருந்தால் சுருளில் நாற்பது ஓம் இருக்கும். சுருளுக்குப் பதிலாகப் பெட்டியை மாட்டி நாற்பது ஓம் வைத்துவிட்டால் ஆறு ஏறாமலே ஏறியதுபோல முள் நிற்கும். நிற்கும் இடத்தில் நிலையத்தில் இருக்கும் தம்பிராஜா சிவப்புக் கோட்டைப் போட்டுவிடலாம். இருவருக்கும் நடுவில் டெலிபோன். இரைச்சலோடுதான் பேசும், ஆனால் பேசும்.

இப்போது மறுபடி சின்னத்தம்பி பாலத்தில், தம்பிராஜா நிலையத்தில்.

“சின்னத்தம்பி, அண்டைக்கு என்னென்ன செய்தியோ அதையே செய். செய்யிறதை வாய்விட்டுச் சொல்லு. விளங்குதோ?”

“விளங்குதுங்க. ஐயா, நான் பேசறது அங்க கேக்குதுங்களா?”

“ஓம்.”

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். பிறகு: “சரிங்க. புடுங்கிட்டேன்.”

“என்னத்தைப் பிடுங்கினனி?”

“ஒரு ஓம் முளைங்க.”

“நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லையே!”

“சொன்னீங்களே ஐயா, ஓம்னு.”

தம்பிராஜா காதுக் குழாயை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மறுபடி காதில் வைத்தார்.

“சின்னத்தம்பி.”

“ஐயா.”

“நான் ஓம் எண்டா ஆமா எண்டு அர்த்தம். உனக்குத் தெரியாதோ? எத்தினை வருஷமா என்னோட திரியிறாய்!”

“தெரியாம என்னங்க? யாழ்ப்பாணத்து ஐயாமாருங்க எல்லாரும் அப்படித்தானே பேசறாங்க. ஆனா அன்னைக்குக் காலையில நீங்கதானே சொன்னீங்க, இன்னைக்குப் பூரா ஓம்னா இந்தப் பெட்டிக்குள்ள இருக்கறதுதான், வேற யோசனை வேணாம்னு. நான் வேற யோசனை வைக்கலைங்க.”

“ஓம், அப்பிடிச் சொன்னனான்தான்...”

“அடுத்ததும் புடுங்கியாச்சுங்க.”

“ஐயோ, செருகு! திருப்பிச் செருகு!”

நிலையத்தில் டிக்கெட் எடுக்க நின்ற ஒரு மலாய்ப் பெண் இரண்டடி விலகி நின்றாள்.

“அண்டைக்கு நாற்பது எண்டு சொன்னதும் வச்சனிதானே?” என்றார் தம்பிராஜா, குரலைத் தணித்து.

“நாப்பதும் வச்சேங்க. அதுக்கப்புறமும் நீங்க ஓம் ஓம்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. சரியா இருக்கான்னு கேட்டேன், ஓம்னீங்க. அப்படியே வைக்கவான்னு கேட்டேன், ஓம்னீங்க. கம்பியில வேற ஒரே இரைச்சல். சரி, நம்பர் இரைச்சல்ல போயிருச்சு, ஓம் மட்டும் வந்து சேந்திருக்குன்னு நினைச்சேங்க. நம்பர் இல்லைன்னா வரிசையில அடுத்த முளை. வேற என்னங்க செய்யறது?”

தம்பிராஜாவுக்குக் கோபம் வரப் பார்த்தது. வரவில்லை. கப்பல் தந்தி பாதி கேட்டுப் பாதி கேட்காதபோது அவரும் இதைத்தான் செய்வார். கேட்டதைக் கொண்டு கேட்காததை நிரப்புவார். சின்னத்தம்பி ஒழுங்காகத்தான் நிரப்பியிருக்கிறார். ஓம் கூடிப் போனதால் முள் தாழ நின்றது. தாழ நின்ற இடத்தில் கோடு விழுந்தது. தாழ்ந்த கோட்டை ஆறு கொஞ்சம் ஏறினாலே முள் தொட்டுவிட்டது.

அவர் நிலையத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தார். டெலிபோனின் மறுமுனையில் சின்னத்தம்பி, “ஐயா, அது என்ன சத்தம்? கம்பியில கோளாறுங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இனிமேல் கம்பியில் ஓம் என்ற சொல் இரண்டு வேலை பார்க்கக் கூடாது என்று முடிவாயிற்று. தம்பிராஜா ஆமா என்று சொல்லிப் பார்த்தார். இரண்டு முறை வந்தது, மூன்றாவது முறை தன்னை மறந்து ஓம் வந்துவிட்டது. கடைசியில் இருவருக்கும் பொதுவாக மலாய் இருந்தது. எண்களுக்கு சத்து, துவா, தீகா. சரி என்பதற்கு பெத்தூல். தவறிக்கூட வாயில் வராத சொல்லாகத் தம்பிராஜாவுக்கு அதுதான் பட்டது. அன்று பொழுது சாய்வதற்குள் சிவப்புக் கோடு அழிந்து, மேலே புதிய கோடு விழுந்தது.

“சோறு போடவோ?” என்று கேட்ட கனகம்மாவிடம், இலைக்கு முன் உட்கார்ந்து, “பெத்தூல்” என்றார்.

“விசர் பிடிச்சிட்டுதோ இந்த மனுசனுக்கு,” என்றாள் கனகம்மா.

*

நஜ்முதீனிடம் என்ன சொல்வது என்பது வேறு விஷயம். பாட்டரி கெட்டுப்போயிருந்தது, மாற்றிவிட்டேன் என்று சொல்லலாம். யாருக்கும் தெரியாது. கடைக்குள் நுழையும்வரை தம்பிராஜா அதைத்தான் சொல்வதாக இருந்தார்.

“என்ன கோளாறு, தந்தி ஐயா?” என்றார் நஜ்முதீன், டீயை நீட்டி.

தம்பிராஜா ஒரு வாய் குடித்தார். “நான்தான் கோளாறு,” என்றார். முழுவதையும் சொன்னார்.

நஜ்முதீன் முதலில் சிரிக்கவில்லை. புரிய நேரம் எடுத்தது. புரிந்ததும் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரொட்டி தட்டுகிறவருக்குச் சொன்னார், அவர் மாவுக் கையோடு சிரித்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த மலாய்க் கான்ஸ்டபிளுக்கு மலாயில் சொன்னார். ‘ஓம்’ என்பதை மலாயில் விளக்க முடியாமல் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதில் கான்ஸ்டபிள் அதற்காகவே சிரித்தார்.

ஒரு வாரம் கடைத்தெருவில் தம்பிராஜாவால் நடக்க முடியவில்லை.

“ஐயா, டீக்கு எத்தனை ஓம் சீனி?”

“ஐயா, தலையாட்டினாலும் முளையைப் புடுங்கணுமா?”

“ஓய், அவரைச் சும்மா விடுங்க. ஓம்னு சொல்லிட்டார்னா கடையே மேட்டுக்குப் போயிரும்.”

அடுக்களைத் திரைக்குப் பின்னால் இருந்த காதர் பீவி மட்டும் சிரிக்கவில்லை. திரையை விலக்கி நேரே கேட்டாள்: “அப்ப இனிமே மணி அடிச்சா ஆறு வருமா?”

“வரும்.”

“வராட்டி?”

“வராட்டிக் கம்பியை நானே அறுப்பன். நீங்கள் மூவாருக்குப் போற அண்டைக்கு சாமான் தூக்கவும் வருவன்.”

“பளிங்கு மேசைக்குக் கீழ்ப்பக்கம் பிடிக்கணும்,” என்றார் நஜ்முதீன். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: “ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு தடவை தூக்கிட்டேன். கடைத்தெருவே வேடிக்கை பாக்குது. மூணாவது தடவை தண்ணியைக் கண்ணால பாக்காம ஒரு தட்டைக்கூடத் தூக்க மாட்டேன்.”

“கண்ணால பாக்கேக்க நேரம் இராது, நானா.”

“பாத்துக்கலாம்லா.”

*

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு வரும் கூட்டத்துக்காகக் கடையில் பெரிய தேக்சாவில் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. மூன்று நாளாக மேற்கே மலைப்பக்கம் கறுத்துக் கிடந்தது. சிகாமட்டிலோ நல்ல வெயில். கடைக்குப் பின்னால் கொடியில் துணிகள் காய்ந்து விறைத்து நின்றன. ஆறு கொஞ்சம் தடித்திருந்தது. அவ்வளவுதான்.

மணி அடித்தது.

ரொட்டி தட்டுகிறவர் கையை நிறுத்தினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நஜ்முதீனைப் பார்த்தார்கள். நஜ்முதீன் மணியைப் பார்த்தார், கொல்லை வழியாகத் துணிகளைப் பார்த்தார், ஒரு நீண்ட பெருமூச்சு விட்டார்.

“அலமாக்,” என்று மலாயில் அலுத்துக்கொண்டார்.

தம்பிராஜா ஓடி வந்தார். தொப்பி இல்லை. நிலையத்திலிருந்து ஒரே ஓட்டம்.

“நானா, வருது. முள் கோட்டைத் தாண்டிப்போய் நிக்குது. பாலத்தில நிக்கிற சின்னத்தம்பியை டெலிபோன்ல கேட்டன், தூணில பாதிக்கு மேல தண்ணியாம்.”

“நிச்சயமாவா?”

“ஓம்.”

“எந்த ஓம்?”

கடை முழுவதும் சிரித்தது. தம்பிராஜாவும் சிரித்திருப்பார், மூச்சு இருந்திருந்தால்.

“பெத்தூல்,” என்றார். “நானா, பெத்தூல்.”

“துணி காயுது ஐயா. பிரியாணி தம்முல இருக்கு. தொழுகைக்கு நேரமாச்சு. இன்னைக்கு இந்தச் சாமானைத் தூக்கிக்கிட்டு மேட்டுல ஏறினா, சத்தியமா சொல்றேன், அப்புறம் நான் இந்த ஊர்ல தலை காட்ட முடியாது.”

 தம்பிராஜா சொல்ல இருந்ததையெல்லாம் மணி சொல்லிக்கொண்டிருந்தது. அவர் மாவு மூட்டையருகே போய்க் குனிந்து அதைப் புரட்டப் பார்த்தார். தனி ஆளாகப் புரட்ட முடியவில்லை.

திரை விலகியது. காதர் பீவி வந்து மூட்டையின் மறு காதைப் பிடித்தாள்.

“என்ன செய்யறே?” என்றார் நஜ்முதீன்.

“பாத்தாத் தெரியலையா?”

“காதரு, ரெண்டு தடவை...”

“ரெண்டு தடவை அவரு தப்பு. அதை யாரு வந்து சொன்னா? நீங்க கண்டுபிடிச்சீங்களா, நான் கண்டுபிடிச்சேனா? பாட்டரி போச்சு, எலி கடிச்சிருச்சுன்னு எதையாவது சொல்லிட்டுப் போயிருக்கலாம். இந்தத் தெருவே சிரிக்கும்னு தெரிஞ்சு வந்து சொன்னாரு. மூட்டையைத் தூக்குங்க, மச்சான். சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். கூரையில உக்காந்திருந்தது நான்.”

நஜ்முதீன் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

அரிசி போயிற்று, மாவு போயிற்று. நெய்யும் சீனியும் கல்லாப்பெட்டியும் போயின. பிரியாணி தேக்சாவின் வளையங்களில் மூங்கிலைக் கோத்து, மூடியைத் துணியால் கட்டி, நான்கு பேர் தம்மோடு தூக்கினார்கள். வாசனை தெரு முழுவதையும் வாசலுக்கு இழுத்தது. சீனர் தன் நாற்காலியில் உட்கார்ந்து கையசைத்தார். “தவுக்கே, ஆயர் நாயெக்!” என்று அந்த முதலாளியைக் கூப்பிட்டுத் தண்ணீர் ஏறுவதைச் சொல்லித் தம்பிராஜா கத்தினார். சீனர் சிரித்துக்கொண்டே ஆற்றைக் கை காட்டினார். ஆறு அமைதியாக இருந்தது.

பளிங்கு மேசைக்குத் தம்பிராஜா யாரும் சொல்லாமலே கீழ்ப்பக்கம் போய்ப் பிடித்தார்.

தொழுகை முடிந்து வந்தவர்கள் சரக்குக் கொட்டகையில் நின்றபடியே பிரியாணி சாப்பிட்டார்கள். நஜ்முதீன் பரிமாறினார். யாருடைய கண்ணையும் பார்க்கவில்லை. ஆற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வராவிட்டால் அவமானம், வந்தால் கடை. எதை வேண்டிக்கொள்வது என்று அவருக்கே தெரியவில்லை. தம்பிராஜாவுக்கும் தெரியவில்லை. அவர் தன் தட்டைத் தொடவே இல்லை. ஆறு வர வேண்டும் என்று நினைக்கிறோமே என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது.

முதலில் மாறியது நிறம். டீயில் பால் விட்டதுபோல ஆறு வெளுத்துப் பழுப்பாயிற்று. பிறகு இலைகள், பிறகு மூங்கில்கள், பிறகு ஒரு கோழிக்கூடு முழுதாக, கோழிகளோடு. யாரோ சத்தம் போட்டார்கள். கரையில் படி ஒன்று மறைந்தது, அடுத்த படி மறைந்தது. சீனரின் நாற்காலி காலியாக இருந்தது. அவர் வீட்டார் எல்லோரும் தலையில் மூட்டைகளோடு மேட்டில் ஓடிவந்தார்கள். கொட்டகையிலிருந்த அத்தனை பேரும் தட்டை வைத்துவிட்டு இறங்கி ஓடி அவர் சாமான்களில் கைக்கு அகப்பட்டதைத் தூக்கி வந்தார்கள். பாதிதான் வந்தது.

தண்ணீர் நஜ்முதீன் கடை வாசலைத் தாண்டி உள்ளே போயிற்று. சத்தமே இல்லை. வாடிக்கைக்காரர்போல் நுழைந்தது. மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. பாட்டரி நிலையத்தில் இருந்ததால் அதற்கு நிறுத்தத் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அதன் குரல் கனத்து, கடைசியில் ஒரு கொப்பளிப்போடு அடங்கியது.

நஜ்முதீன் தன் கடையைப் பார்த்தார். பிறகு சுற்றிலும் அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். அதன் பிறகு தம்பிராஜாவின் தட்டை எடுத்துக்கொண்டு போய், ஆறிப்போன சோற்றைக் கொட்டிவிட்டு, தேக்சாவின் அடியிலிருந்து சூடாகப் போட்டு, மேலே ஒரு முட்டை வைத்துக் கொண்டுவந்தார்.

“சாப்பிடுங்க, ஐயா.”

தம்பிராஜா சாப்பிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் தண்ணீர் கடையின் ஜன்னல் அளவுக்கு நின்றது. மத்தியானத்துக்கு மேல் வடிய ஆரம்பித்தது. நஜ்முதீன் சரக்குக் கொட்டகையில் அடுப்பு மூட்டி டீ விற்றார். சீனர் வீட்டாருக்கு அரிசி கொடுத்தார். காதர் பீவி பாய் ஒன்றை விரித்து மூட்டைகளில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று பார்த்தாள். ஏறவில்லை. மூவாருக்குப் போகிற பேச்சை அவள் எடுக்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் கடையைக் கழுவ எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டாள். மேல் பாலத்துக்குப் போகும் டெலிபோன் கம்பி இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. தம்பிராஜாவும் சின்னத்தம்பியும் தள்ளுவண்டியில் போய் ஒன்றைக் கட்டினார்கள். மற்றதற்குக் கம்பி போதவில்லை. திங்கட்கிழமை அனுப்பச் சொல்லித் தந்தி அடித்துவிட்டுத் திரும்பினார்கள்.